கண்ட்ரோல்+இசட் அடித்தும் செலக்ஷன் திரும்பவில்லை: இங்க்ஸ்கேப்பில் ஒரு மாதிரி, ஜிம்பில் வேறு மாதிரி, ஏன்?

குன்னூர்_அச்சுவேலை

வணக்கம். தோடர் பூத்தையல் கட்டம் ஒன்றை வடிவங்களாக வரைகிற வெக்டர் மென்பொருளான இங்க்ஸ்கேப் 1.3-இல் வரைகிறேன். நூலை எண்ணித் தைக்கிற தையல் என்பதால் ஒரு தையலுக்கு 2 மி.மீ. சதுரம் ஒன்று என்று வைத்திருக்கிறேன். மொத்தம் 1,400 சதுரத்துக்கு மேல் வரும். வெள்ளைத் தளம், அதன்மேல் சிவப்பும் கறுப்பும்.

கரையில் இருக்கும் சிவப்புச் சதுரங்கள் மட்டும் சுமார் 300. ஷிப்டை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் செலக்ட் செய்தேன். கடைசியில் ஒரு கிளிக் காலி இடத்தில் விழுந்ததும் அத்தனையும் கலைந்துவிட்டது. கண்ட்ரோல்+இசட் அடித்தால் செலக்ஷன் வரவில்லை. அதற்கு முன்னால் மாற்றியிருந்த நிறம்தான் பழையபடி ஆனது. இன்னும் மூன்று முறை அடித்தேன், மூன்று வேலை பின்னால் போனதுதான் மிச்சம்.

இதே கணினியில், படத்தைப் பிக்சல் பிக்சலாகத் திருத்துகிற ஜிம்ப் 2.10-இல் தேயிலைப் பாக்கெட்டுக்காக 'இரண்டு இலை ஒரு மொட்டு' படத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கிறேன். அங்கே செலக்ஷன் கலைந்தால் கண்ட்ரோல்+இசட் ஒழுங்காகத் திருப்பித் தருகிறது. ஆனால் வேறொரு சிக்கல். 12 படி பின்னால் போய்ப் பழைய செலக்ஷன் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு, படத்தில் ஒரே ஒரு கிளிக் செய்தேன். ரீடூ மங்கிவிட்டது, முன்னால் வர வழியே இல்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, ஏன் இப்படி ஆளுக்கொரு விதமாக நடக்கிறது? இரண்டு, 300 சதுரத்தை மறுபடி கையால் பொறுக்காமல் இருக்க என்ன வழி?

---

கோத்தகிரி_வெக்டர்

முதலில் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இங்க்ஸ்கேப்பில் தவறுதலாக நான்கு முறை அண்டூ அடித்துவிட்டீர்கள் என்றால், வேறு எதையும் தொடாமல் கண்ட்ரோல்+ஷிப்ட்+இசட்டை நான்கு முறை அடியுங்கள். நிறமாற்றம் உட்பட எல்லாம் வந்துவிடும். இடையில் எதையாவது கிளிக் செய்து செலக்ட் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, இங்க்ஸ்கேப்பில் செலக்ட் செய்வது ரீடூவை அழிக்காது. ஆனால் கிளிக் செய்யும்போது கை அரை மில்லிமீட்டர் இழுபட்டு ஒரு சதுரம் நகர்ந்தால் அது புதுப் படியாகப் பதிவாகும், அந்த நொடியே ரீடூ காலி. மவுஸ் பழசாக இருந்தாலோ கை நடுங்கினாலோ பிரிஃபரன்சஸில் 'கிளிக்/டிராக் த்ரெஷோல்ட்' அளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அவ்வளவு தூரம் இழுத்தால்தான் அது 'நகர்த்தல்' என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது காரணம். கண்ட்ரோல்+ஷிப்ட்+ஹெச் அடித்து அண்டூ ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். நிறம் மாற்றியது இருக்கும், நகர்த்தியது இருக்கும், நகல் எடுத்தது இருக்கும். 300 கிளிக்கில் ஒன்றுகூட அங்கே இருக்காது. இங்க்ஸ்கேப்பைப் பொறுத்தவரை உங்கள் ஆவணம் என்பது வடிவங்களை எழுத்தில் விவரிக்கும் எஸ்விஜி கோப்பு. எந்தச் சதுரங்களை நீங்கள் இப்போது கையில் பிடித்திருக்கிறீர்கள் என்பது அந்தக் கோப்பில் எங்கும் எழுதப்படுவதில்லை. கோப்பில் இல்லாதது மாறினால் பதிவேட்டில் ஏறாது. இல்லஸ்ட்ரேட்டரும் இதே வழிதான்.

ஆக, இதற்குத் தீர்வு ஒன்றுதான்: கையில் பிடித்திருப்பதைக் கோப்புக்குள் எழுதிவிடுவது. உங்கள் கட்டத்துக்கு நான் சொல்லும் வரிசை இது.

கண்ட்ரோல்+ஷிப்ட்+என் அடித்து, கட்டம் இருக்கும் லேயருக்கு நேர் மேலே 'கரை' என்று ஒரு லேயர் போடுங்கள். பழைய லேயருக்குத் திரும்பி, கரைப் பகுதியை மட்டும் சுற்றிச் சட்டம் போல இழுங்கள். நிறம் பார்க்க வேண்டாம், சிவப்பு கறுப்பு எல்லாம் வரட்டும். முழுதாகச் சட்டத்துக்குள் அடங்கிய சதுரம் மட்டுமே செலக்ட் ஆகும், பாதி வெளியே நின்றால் வராது. அடுத்த பக்கத்துக் கரையையும் சேர்க்க ஷிப்டோடு இழுங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் எத்தனை பொருள் என்று எண்ணிக்கை காட்டும், அதைக் கட்டத்தின் எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் ஷிப்ட்+பேஜ் அப். எல்லாம் 'கரை' லேயருக்குப் போய்விடும். இது கோப்பில் நடந்த மாற்றம், அதனால் ஹிஸ்டரியில் ஏறும், அண்டூ கேட்கும்.

பிறகு பழைய லேயரின் பூட்டைப் போட்டுவிட்டு, கரையில் ஒரே ஒரு சிவப்புச் சதுரத்தைக் கிளிக் செய்து, எடிட் மெனுவில் 'செலக்ட் சேம்', அதில் 'ஃபில் கலர்'. பூட்டிய லேயரில் உள்ளவற்றை அது தொடாது. 300-ம் ஒரே கிளிக்கில் வரும். கலைந்தாலும் கவலையில்லை, மறுபடி இரண்டே கிளிக்.

ஒரு எச்சரிக்கை. 'செலக்ட் சேம்' நிறத்தை எண்ணாகத்தான் ஒப்பிடும். கண்ணுக்கு ஒரே சிவப்பாகத் தெரிந்தாலும் ஒரு சதுரத்தின் நிறக் குறியீடு EE0000, இன்னொன்றின் குறியீடு ED0000 என்று இருந்தால் இரண்டாவது வராது. சால்வையைப் போட்டோ எடுத்து டிரேஸ் செய்த கட்டமாக இருந்தால் இந்தச் சிக்கல் நிச்சயம் வரும், ஏனென்றால் ஜேபெக் படம் ஒரே நூலுக்குப் பத்து சிவப்பு தரும். முதலில் நிறங்களை மூன்றாகக் குறைத்துக்கொண்டு பிறகு ஆரம்பியுங்கள்.

கட்டத்தில் வளைந்து போகிற வரிசையைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு சதுரங்களின் மேல் கோடு இழுங்கள், கோடு தொட்டதெல்லாம் செலக்ட் ஆகும். ஏற்கெனவே ஏதாவது செலக்ட் ஆகியிருந்தால் ஆல்ட் இழுப்பு அதை நகர்த்திவிடும், அப்போது ஷிப்ட்+ஆல்ட் போடுங்கள். லினக்ஸில் பல டெஸ்க்டாப்களில் ஆல்ட் இழுப்பு ஜன்னலையே நகர்த்தும். அதை சிஸ்டம் செட்டிங்கில் சூப்பர் பட்டனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்குக் கண்ட்ரோல்+ஜி போட்டுக் குரூப் செய்வதும் உதவும். ஆனால் குரூப் செய்தால் சிதறிக் கிடந்த பொருட்கள் எல்லாம் அவற்றில் மேலே இருந்த ஒன்றின் அடுக்குக்கு வந்துவிடும், குரூப்பைப் பிரித்தாலும் பழைய அடுக்குக்குத் திரும்பாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறாத தையல் கட்டத்தில் இதனால் கெடுதல் இல்லை. இலையும் பூவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் லேபிளில் படமே குலைந்துவிடும்.

---

ஊட்டி_டிடிபி

இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு: செலக்ட் மெனுவில் 'சேவ் செலக்ஷன்' என்று இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டால் அதே மெனுவின் அடியில் வந்து நிற்கும், கோப்போடு சேமிக்கப்படும். கண்ட்ரோல்+6 'ரீசெலக்ட்' என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கலைந்துபோன செலக்ஷனை அது கொண்டுவராது. 'ஒரே நிறம்', 'ஒரே கோடு' என்று கடைசியாகக் கொடுத்த கட்டளையை மறுபடி ஓட்டுவது மட்டுமே அதன் வேலை. ஷிப்ட் போட்டுக் கையால் பொறுக்கியது அதற்குத் தெரியாது.

---

கூடலூர்_பிக்சல்

ஜிம்ப் பக்கத்தை நான் சொல்கிறேன். போட்டோஷாப்புக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும்.

இங்க்ஸ்கேப்பில் செலக்ஷன் என்பது 'இவை இவை' என்று ஒரு பெயர்ப்பட்டியல். ஜிம்பில் செலக்ஷன் ஒரு படம். திரையில் ஊர்ந்து ஓடும் புள்ளிக்கோடு அதன் ஓரம் மட்டுமே. உள்ளே படத்தின் அளவுக்கே ஒரு கறுப்பு வெள்ளை மாஸ்க் இருக்கிறது, ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு செலக்ட் ஆகியிருக்கிறது என்று அது 0 முதல் 255 வரை குறித்து வைத்திருக்கிறது. ஷிப்ட்+க்யூ அடித்து, செலக்ட் ஆகாத இடத்தைச் சிவப்பாகக் காட்டும் குயிக் மாஸ்க்கில் பாருங்கள், மொட்டின் நுனியில் இருக்கும் மெல்லிய வெள்ளை மயிர் பாதி சிவப்பாகத் தெரியும். அந்தப் 'பாதி'யை எந்தப் பட்டியலாலும் சொல்ல முடியாது. அரை மணி நேரம் உட்கார்ந்து லாசோவில் (கையால் சுற்றி வரையும் செலக்ட் டூல்) கோடு போட்டு, ஃபெதர் கொடுத்து ஓரத்தை மென்மையாக்கி, 2 பிக்சல் சுருக்கிச் செய்த வேலை அது. வேலை என்பதால் ஹிஸ்டரியில் ஏற்றுகிறார்கள். ஏற்றாமல் விட்டால் யாரும் அந்த மென்பொருளைத் தொடமாட்டார்கள்.

அதற்குக் கொடுக்கும் விலைதான் உங்கள் இரண்டாவது சிக்கல். ஹிஸ்டரியில் ஏறும் எதுவும் புதுப் படி. பின்னால் போய் நின்றுகொண்டு ஒரு புதுப் படி வைத்தால், முன்னால் இருந்த வழி அழிகிறது. செவ்வகச் செலக்ட் டூல் கையில் இருக்கும்போது செலக்ஷனுக்கு வெளியே ஒரு கிளிக் செய்தால் 'செலக்ட் நன்' ஆகி, அதுவும் ஒரு படியாக எழுதப்படும். நீங்கள் பார்க்கத்தான் போனீர்கள், ஜிம்ப் அதை வேலை என்று எடுத்துக்கொண்டது.

பழைய செலக்ஷனை எடுத்துக்கொண்டு, புது வேலையையும் இழக்காமல் வர இப்படிச் செய்யுங்கள்.

அண்டூ ஹிஸ்டரியில் அந்தப் பழைய படியைக் கிளிக் செய்து அங்கே போங்கள். படத்தின் மேல் கிளிக் செய்யவே வேண்டாம். கண்ட்ரோல்+டி. ஜிம்பில் இது படத்தை அப்படியே இன்னொரு ஜன்னலில் நகல் எடுக்கும், செலக்ஷனும் கூடவே வரும். (போட்டோஷாப் பழக்கத்தில் கண்ட்ரோல்+டி என்றால் 'டீசெலக்ட்' என்று நினைத்துவிடாதீர்கள். ஜிம்பில் அதற்கு கண்ட்ரோல்+ஷிப்ட்+ஏ.) மூலப் படத்துக்குத் திரும்பி கண்ட்ரோல்+ஒய்யைத் தட்டிக் கடைசிப் படி வரை வந்துவிடுங்கள். அதன் ரீடூவை யாரும் தொடவில்லை, பத்திரமாக இருக்கும்.

நகலில் ஒரு வெற்று லேயர் போட்டு, செலக்ஷனை ஏதாவது ஒரு நிறத்தால் நிரப்பி, செலக்ட் நன் கொடுத்து, கண்ட்ரோல்+சி. மூலத்தில் எடிட் மெனு, 'பேஸ்ட் ஆஸ்', 'நியூ லேயர் இன் பிளேஸ்'. வந்த லேயரில் ரைட் கிளிக் செய்து 'ஆல்ஃபா டு செலக்ஷன்'. ஓரத்து மென்மை உட்பட அதே செலக்ஷன் அதே இடத்தில் நிற்கும். அந்த லேயரைப் பிறகு அழித்துவிடலாம்.

இவ்வளவு சுற்றுவதைவிட, ஒழுங்காக அமைந்த செலக்ஷனை அப்போதே செலக்ட் மெனுவில் 'சேவ் டு சேனல்' கொடுத்து, 'மொட்டு', 'இலை இடது' என்று பெயர் வைத்துவிடுவது நல்லது. சேனல் ஜிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பில் தங்கும். ஹிஸ்டரி கோப்பை மூடினால் போய்விடும். ஐப்பசி மழையில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நாட்களில் ஹிஸ்டரியை நம்பி அரை மணி நேர வேலையை விடவே கூடாது. சேனல் எடுத்தவுடன் கண்ட்ரோல்+எஸ். ஜேபெக்காகவோ பிஎன்ஜியாகவோ எக்ஸ்போர்ட் செய்தால் சேனல் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

நினைவகக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 300 டிபிஐ ஏ4 படம் 2480 × 3508 பிக்சல், ஏறத்தாழ 87 லட்சம். 8-பிட் படத்தில் மாஸ்க் பிக்சலுக்கு ஒரு பைட், ஆக முழுப் பக்கச் செலக்ஷன் ஒன்றுக்கு அதிகபட்சம் 8 எம்பி சொச்சம். ஆல்ஃபாவோடு உள்ள லேயருக்கு அதன் நான்கு மடங்கு, 33 எம்பி. ஜிம்ப் எண்ணிக்கையோடு நினைவக அளவையும் வைத்துத்தான் அண்டூவை வைத்திருக்கும். பிரிஃபரன்சஸில் 'சிஸ்டம் ரிசோர்சஸ்' போய்ப் பாருங்கள். குறைந்தபட்ச அண்டூ படிகள் 5 என்று இருக்கும், அதற்குமேல் கொடுத்த நினைவகம் நிரம்பும்வரை வைத்துக்கொள்ளும். 4 ஜிபி ராம் கணினியில் பெரிய படத்தில் முழுப் படத்துக்கும் பில்டர் போட்டால் பழைய படிகள் சரசரவென்று உதிரும். குறைந்தபட்சத்தை 20 ஆக்கிக்கொண்டால் கொஞ்சம் நிம்மதி.

போட்டோஷாப்பில் எண்ணிக்கைதான் கணக்கு. இயல்பாக 50, 1000 வரை கூட்டலாம். மேஜிக் வாண்டில் ஷிப்ட் போட்டு 60 கிளிக் செய்து ஒரு தேயிலைக் கொத்தைப் பிடித்தால் 60 படி. அதற்குமுன் செய்த நிறத்திருத்தம் எல்லாம் பட்டியலின் மேல்பக்கமாக வெளியே போயிருக்கும், ஒரு எச்சரிக்கையும் வராது. நிறத்திருத்தத்தை அட்ஜஸ்ட்மென்ட் லேயராக வைத்துவிட்டு செலக்ஷனில் இறங்குங்கள், அப்போது ஹிஸ்டரி உதிர்ந்தாலும் திருத்தத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

போட்டோஷாப்பில் ஒரு வசதி ஜிம்ப் 2.10-இல் இல்லாதது: கண்ட்ரோல்+ஷிப்ட்+டி, ரீசெலக்ட். கலைத்த பிறகு பத்து வேலை செய்திருந்தாலும், அவற்றைத் தொடாமல் கடைசிச் செலக்ஷனை மட்டும் திருப்பித் தரும். ஓவியம் வரையும் மென்பொருளான கிரிட்டாவிலும் அதே விசைதான். கடைசி ஒன்று மட்டும்தான் கிடைக்கும், அதற்கு முந்தையது கிடைக்காது.

---

குன்னூர்_அச்சுவேலை

இரண்டு பேருக்கும் மிக்க நன்றிங்க. 'கரை' லேயர் வழியில் 312 சதுரம் வந்தது, கட்டத்தில் எண்ணியதும் 312.

சேனலும் எடுத்துவிட்டேன். ஆனால் லாசோவில் பாதி சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு புள்ளி தவறாக விழுந்தால் என்ன செய்வது? கண்ட்ரோல்+இசட் அங்கே என்ன செய்யும் என்று பயமாக இருக்கிறது.

---

கூடலூர்_பிக்சல்

அங்கே கண்ட்ரோல்+இசட் பக்கமே போகாதீர்கள். ஜிம்ப் ஃப்ரீ செலக்டில், அதாவது லாசோவில், கோடு மூடி என்டர் அடிக்கும்வரை அது இன்னும் செலக்ஷனே ஆகவில்லை, டூல் கையிலிருக்கும் கோடு மட்டும்தான். பேக்ஸ்பேஸ் கடைசிப் புள்ளியை எடுக்கும். எஸ்கேப் கோடு முழுவதையும் எடுத்துவிடும், அதனால் எஸ்கேப்பில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப் பாலிகோனல் லாசோவிலும் பேக்ஸ்பேஸ் இப்படியே வேலை செய்யும்.

நெடிய ஓரமாக இருந்தால் பாத் டூலில் வரைந்து, பிறகு 'செலக்ஷன் ஃப்ரம் பாத்' கொடுப்பது இதைவிட மேல். புள்ளிகளை நாளைக்கும் நகர்த்தலாம்.

---

வெலிங்டன்_மாணவர்

ஒரு சந்தேகம் அண்ணா. செலக்ஷனையும் ஹிஸ்டரியில் ஏற்றிவிட்டால் முதல் கேள்வியே வந்திருக்காதே? இங்க்ஸ்கேப் மாதிரி மென்பொருளில் ஏன் ஏற்றவில்லை? நான் க்யூட்டி (Qt) என்ற நிரல் நூலகத்தில் சின்ன வரைபடச் செயலி ஒன்று எழுதுகிறேன், எந்த வழி எடுப்பது?

---

அருவங்காடு_நிரல்

ஏற்றிய மென்பொருள் இருக்கிறது தம்பி. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் பொருளைச் செலக்ட் செய்வதும் அண்டூ படிதான். அங்கே இயல்பான எண்ணிக்கை 32. இதையும் அதையும் கிளிக் செய்து பார்த்தாலே 32 தீர்ந்துவிடும், உண்மையான வேலைக்கு அண்டூ மிஞ்சாது. இது முதல் இழப்பு.

அதைவிடப் பெரியது ரீடூ. பத்து படி பின்னால் போகிறாய், அழித்த ஒரு வடிவத்தைக் காப்பி எடுத்துக்கொண்டு முன்னால் வரத்தான். காப்பி எடுக்க முதலில் செலக்ட் செய்தாக வேண்டும். செலக்ட் ஒரு படி என்றால் அந்தக் கிளிக்கிலேயே முன்னால் வரும் வழி அடைபடும். வடிவமைப்புச் செயலியான ஃபிக்மாவின் குழு 2019-இல், பலர் ஒரே கோப்பில் சேர்ந்து வேலை செய்யும் தங்கள் மல்டிபிளேயர் அமைப்பைப் பற்றி எழுதியபோது இதையே விதியாக வைத்தார்கள்: நிறைய அண்டூ செய்து, எதையாவது காப்பி செய்து, ரீடூவில் நிகழ்காலத்துக்கு வந்தால் ஆவணம் மாறியிருக்கக் கூடாது. எந்த வரைகலைச் செயலியையும் நான் இந்தச் சோதனையில்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன்.

உன் செயலிக்கு நடுவழி ஒன்று உண்டு. செலக்ஷனைத் தனிப் படியாக வைக்காதே, ஒவ்வொரு வேலைக்கும் துணையாக ஏற்று. அதாவது 'நிறம் மாற்று' என்ற கட்டளை தனக்குள் இரண்டு பட்டியலை வைத்திருக்கட்டும்: வேலைக்கு முன் எவை செலக்ட் ஆகியிருந்தன, வேலைக்குப் பின் எவை. அண்டூ செய்தால் முன்பட்டியலைத் திருப்பிக் கொடு, ரீடூ செய்தால் பின்பட்டியலை. 300 சதுரத்தைப் பொறுக்கி நிறம் மாற்றியவர் அண்டூ அடித்தால் நிறமும் திரும்பும், 300-ம் கையிலேயே இருக்கும். பொறுக்கி முடித்து எந்த வேலையும் செய்வதற்குள் கலைத்துவிட்டால் மட்டும் இது காப்பாற்றாது. அதற்குத் தனியாக 'ரீசெலக்ட்' ஒன்று வை, கடைசி ஐந்து செலக்ஷனை ஞாபகம் வைத்தால் போதும், அண்டூவோடு சேர்க்காதே.

க்யூட்டியில் கால் இடறும் இடங்களைச் சொல்கிறேன்.

அண்டூ கட்டளைகளை அடுக்கி வைக்கும் க்யூஅண்டூஸ்டாக்கில் (QUndoStack) ஒரு கட்டளையைப் புஷ் செய்தவுடன் அதுவே ரீடூவை ஒருமுறை அழைத்துவிடும். முன்பட்டியலை ரீடூவுக்குள் எடுத்தால், பயனர் பின்னால் போய்த் திரும்பி வரும்போது அது மறுபடி எடுக்கப்படும், அப்போது கையில் இருப்பது வேறாக இருக்கலாம். கட்டளையை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரிலேயே எடுத்துவிடு.

பட்டியலில் பாயின்டர் வைக்காதே, அடையாள எண் வை. சதுரத்தை அழித்து அண்டூவில் மீண்டும் உருவாக்கினால் நினைவகத்தில் அது வேறு இடத்தில் பிறக்கும், பழைய பாயின்டர் செத்த இடத்தைக் காட்டும், செயலி விழும். எண்ணைத் தேடிக் கிடைக்காவிட்டால் அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் செலக்ட் செய்.

செலக்ஷனைக் கட்டளையாகப் புஷ் செய்தால் இன்னொரு தொல்லையும் கூடவே வரும். ஸ்டாக் 'கிளீன்' (சேமித்தபின் எதுவும் மாறாத) நிலையை இழக்கும், கோப்பைத் திறந்து ஒரே ஒரு பொருளைத் தொட்டுவிட்டு மூடினால் 'சேமிக்கவா?' என்று கேட்கும். எதுவும் மாறாத கோப்புக்கு அந்தக் கேள்வி வந்தால், பயனர் எதை மாற்றிவிட்டோமோ என்று தேட ஆரம்பிப்பார்.

அப்படியும் தனிப் படியாகத்தான் வேண்டும் என்றால், கட்டளைகளை இணைக்கும் மெர்ஜ்வித் (mergeWith) செயற்கூறை எழுதி அடுத்தடுத்த செலக்ஷன்களை ஒரே படியாக இணை. கட்டளையின் ஐடி -1 ஆக இருந்தால் மெர்ஜ்வித் அழைக்கப்படவே படாது, எல்லாச் செலக்ஷன் கட்டளைக்கும் ஒரே நேர்ம எண் கொடு. இணைத்தாலும் ரீடூ அழிவது அழிவதுதான், அதை மறக்காதே.

பிக்சல் செயலி என்றால் இந்தப் பேச்சே வேறு. அங்கே மாஸ்க் ஒரு படைப்பு, கூடலூர்க்காரர் சொன்னபடி ஏற்றத்தான் வேண்டும்.

---

கோத்தகிரி_வெக்டர்

போட்டோஷாப்பில் ரீடூ அழிவதைத் தடுக்க ஒரு அமைப்பு உண்டு, அதையும் சேர்த்துவிடுகிறேன். ஹிஸ்டரி பேனலின் மெனுவில் 'ஹிஸ்டரி ஆப்ஷன்ஸ்', அதில் 'அலவ் நான்-லீனியர் ஹிஸ்டரி'. பின்னால் போய்ப் புது வேலை செய்தாலும் பழைய படிகள் அழியாமல் நிற்கும், புதியது அடியில் சேரும். ஆனால் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு படிகள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவையாக இருக்க வேண்டியதில்லை என்பதால் சீக்கிரமே குழம்பிவிடும். எப்போதும் போட்டு வைக்க வேண்டாம். பின்னால் போய் எதையாவது எடுக்க வேண்டியிருக்கும்போது மட்டும் போட்டு, எடுத்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

அதே மெனுவில் லேயரைக் காட்டுவது மறைப்பதையும் அண்டூவில் சேர்க்கும் பெட்டி ஒன்று இருக்கும். இயல்பாக அது போடப்பட்டிருக்காது. கண் குறியை மாற்றிவிட்டு கண்ட்ரோல்+இசட் அடித்தால் வேறு வேலை கலைகிறது என்கிறவர்கள் அந்தப் பெட்டியைப் பாருங்கள்.

சிஎஸ்6 போன்ற பழைய பதிப்பு வைத்திருந்தால் கண்ட்ரோல்+இசட் ஒரு படி மட்டுமே போய் வரும், இரண்டாவது முறை அடித்தால் திரும்ப முன்னால் வந்துவிடும். பல படி பின்னால் போக கண்ட்ரோல்+ஆல்ட்+இசட். 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்பிலிருந்துதான் கண்ட்ரோல்+இசட் தொடர்ந்து பின்னால் போகிறது. ஒரே அறையில் இரண்டு கணினியில் இரண்டு பதிப்பு இருந்தால், செலக்ஷனில் கை வைக்கும் முன் எந்தப் பதிப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.